நாற்பது நிமிடத்தில் இரண்டு தட்டு

என் செல்ல மல்லிகா அக்கா,

உன் சிம்பல் தட்டுகள், அந்தப் பெரிய வெண்கலத் தாளங்கள், இப்போது என்னிடம். பத்தாங் பெர்ஜுந்தாய் ஊரில், அம்மா வீட்டில் அவற்றை ஒருமுறை மோதினால் பக்கத்து வீட்டு நாய் அரை மணி நேரம் குரைக்கிறது.

நோய்த்தொற்றால் அரங்கை இன்னும் திறக்கவில்லை. நம் சிம்பொனி இசைக்குழுவுக்கு இனி இணையம்தான் மேடை. காதில் தாள ஒலியைக் கேட்டபடி அவரவர் வீட்டில் தனியாக வாசித்து, கைப்பேசியில் பதிந்து அனுப்ப வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே திரையில் கட்டம் கட்டமாகக் காட்டுகிறார்கள். டிரம்போன்காரர் அக்கம்பக்கத்தார் திட்டுவார்களென்று பயந்து காருக்குள் உட்கார்ந்தாராம். அந்த நீளக் குழலை முன்னே தள்ளி நீட்ட இடமில்லாமல் கதவைத் திறந்துவிட்டு ஊதினாராம். நீ இருந்திருந்தால் ஒரு வாரம் சிரித்திருப்பாய்.

உன் இடத்தில் இந்தமுறை நான். நாற்பது நிமிட இசையில் இரண்டே தட்டு, அதாவது இரண்டே முறைதான் மோத வேண்டும். மற்ற நேரமெல்லாம் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

குழுவின் ஒருங்கிணைப்பாளர் போன் செய்தார். "சிஸ்டர், தட்டுற இடத்த மட்டும் எடுத்து அனுப்புங்க லா. பத்து செகண்ட் போதும். மத்த நேரம் சும்மாதானே இருக்கீங்க?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பாவம், அவருக்கு என்ன தெரியும்?

நீ போனபோது எனக்கும் அம்மாவுக்கும் அதே நோய். வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது. கெர்லிங் ஊரிலிருந்து உன் வீட்டுக்காரர் உன் இறுதிச் சடங்கை அரை நிமிட வீடியோவாக அனுப்பினார். "மாமா, மீதி எங்க?" என்று கேட்டேன். "முக்கியமானத மட்டும் எடுத்தேம்மா. மத்த நேரம் சும்மாதான் நின்னோம்" என்றார்.

அந்தச் சும்மா நின்ற நேரம்தான் அக்கா எனக்கு வேண்டியிருந்தது. உன் பக்கத்தில் ஒன்றும் செய்யாமல் நின்றிருக்க வேண்டும். அதை யாரிடம் போய்க் கேட்பது?

ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லிவிட்டேன். "முழுசா அனுப்புறேன். போட்டா முழுசா போடுங்க. இல்லன்னா என்னை விட்டுடுங்க." ஃபைல் பெரிசு, வேலை ஜாஸ்தி என்று என்னென்னவோ சொன்னார். நான் அசையவில்லை.

மேடைக்குப் போவதுபோல் கறுப்புச் சட்டை போட்டு உட்கார்ந்தேன். முதல்முறை, முப்பத்தெட்டாவது நிமிடத்தில் அம்மா தேநீரோடு உள்ளே வந்துவிட்டார். "என்னடி, வெட்டியா உக்காந்திருக்க?" மீண்டும் முதலிலிருந்து.

காரணத்தைச் சொன்னேன். அம்மா நாற்காலியை இழுத்துக் கைப்பேசிக்குப் பின்னால் போட்டு, என் எதிரே உட்கார்ந்தார். நாற்பது நிமிடமும் இருமவில்லை, எழவில்லை. இரண்டாவது தட்டு முடிந்து ஒலி அடங்கும்வரை அழவும் இல்லை. அதற்குப் பிறகு இருவரும் வாய்விட்டு அழுதோம்.

நேற்று ஒளிபரப்பினார்கள். என் கட்டம் தொடக்கத்திலிருந்து கடைசிவரை திரையில் இருந்தது. "அந்தப் பொண்ணு ஏன் சும்மா இருக்கு?" என்று யாரோ கீழே எழுதியிருந்தார்கள். எழுதட்டும்.

அரங்கம் திறந்தாலும் சரி, திறக்காவிட்டாலும் சரி, கடைசி ஒலிவரை உட்கார்ந்திருப்பேன் அக்கா. இனி எங்களுக்கு எது முக்கியம் என்று வேறு யாரும் வெட்டித் தர விடமாட்டேன்.

உன் கூடப்பிறந்தவள்,
சாந்தி