எங்கள் கூடத்து மின்விசிறி சத்தமில்லாமல் ஓடுவது குறித்து

அனுப்புநர்:
திருமதி எக்குவா ஹேகன்,
ஓய்வுபெற்ற மனையியல் ஆசிரியை,
மேட்டுத் தெரு, எசிக்காடோ,
செகொண்டி, கானா.

பெறுநர்:
மின்பணியாளர் உரிம அலுவலர் அவர்கள்,
வட்டார அலுவலகம்,
செகொண்டி.

பொருள்: எலக்ட்ரீஷியன் திரு. ஃபிஃபி ஒட்டூ எங்கள் மின்விசிறியை ஒரு குறையும் இல்லாமல் பழுது பார்த்துவிட்டது – பழைய பழுதையே திரும்பப் பொருத்த அவருக்கு அனுமதி வழங்கக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்கண்ட பொருளைப் படித்ததும் தங்கள் எழுத்தர் சிரித்திருப்பார். சிரிக்கட்டும். ஆனால் முழுவதும் படித்துவிட்டுச் சிரிக்கும்படி அவரைக் கேட்டுக்கொள்கிறேன். எனக்குப் புத்தி பேதலிக்கவில்லை. ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு நான்தான் சமையலும் தையலும் கற்றுக்கொடுத்தேன். தங்கள் அலுவலகத்திலும் என்னிடம் குட்டு வாங்கியவர்கள் இருக்கக்கூடும்.

2. என் கணவர் திரு. ஜோசப் எக்கோ ஹேகன் ரயில்வேயில் கார்டாக வேலை பார்த்தவர். எங்களுக்குத் திருமணமான புதிதில் குமாசியில் இந்த மின்விசிறியை வாங்கி, தமது கார்டு பெட்டியிலேயே ஏற்றிக்கொண்டு வந்தார். அதே பெட்டியில் யாரோ ஏற்றிவிட்ட ஆடு ஒன்றும் வந்தது. வழியில் அந்த ஆடு ஓர் இறக்கையின் மேல் சுகமாகப் படுத்துவிட்டது. வளைந்த இறக்கையை என்னிடம் காட்டவே பயந்து, முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு வாசலில் நின்றார். "ஆட்டைக் கல்யாணம் பண்ணியிருந்தா உங்களுக்குப் பொருத்தமா இருந்திருக்கும்" என்றேன். அந்த இறக்கையோடேயே மாட்டினோம். ஓடத் தொடங்கியதும் டடக் டடக் என்று ஆடியது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "எக்குவா, நம்ம வீட்டுக்குள்ளயே ரயில் ஓடுது பாரு!" என்று குதித்தார்.

3. அது முதல் அந்தச் சத்தத்தில்தான் நாங்கள் குடித்தனம் நடத்தினோம். அவர் வேலைக்குப் போகாத நாட்களில், மதியச் சாப்பாடு முடிந்ததும் பிள்ளைகளைப் பாயில் வரிசையாகப் படுக்க வைத்து ரெகுலேட்டரைத் திருப்புவார். "டார்க்வா வந்தாச்சு, இறங்குறவங்க இறங்கலாம். ஏய், டிக்கெட் இல்லாத குட்டி யாரு அது?" என்பார். டுங்க்வா, ஒபுவாசி, பெக்வாய் என்று குமாசி லைன் ஸ்டேஷன் பெயர்கள் போய்க்கொண்டே இருக்கும். குமாசி வரை விழித்திருந்த பிள்ளை எங்கள் வீட்டில் ஒன்றுகூட இல்லை. நானும் கென்கே அவிக்கச் சோள மாவு பிசைந்த கையோடு சுவரில் சாய்ந்து அப்படியே கண்ணயர்ந்திருக்கிறேன். வீட்டுக்கு வரும் போதகர் மட்டும் ஒருமுறை மேலே பார்த்துவிட்டு நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொள்வார். மனுவில் இதை எழுதலாமா கூடாதா என்று தெரியவில்லை, எழுதிவிட்டேன்.

4. சில ஆண்டுகளாக என் கணவருக்கு ஞாபகம் தப்பிவருகிறது. பிள்ளைகளின் பெயர்கள் போயின. சாப்பிட்டது மறந்து மறுபடி தட்டோடு வந்து உட்காருவார். ஆனால் வீட்டை மட்டும் மறக்கவில்லை. வெளியே போய்வந்தால் கூடத்தில் உட்கார்ந்து, மேலே சத்தம் கேட்டதும், "அப்பாடா, வந்து சேர்ந்தோம்" என்று சட்டைப் பொத்தானைக் கழற்றுவார். அது போதும் என்று நான் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

5. கடந்த கிறிஸ்துமஸுக்கு முன் அவருடைய அக்கா ஆபா காலமானார். நம் ஊர் வழக்கம் தாங்கள் அறியாததல்ல. சாவு விழுந்த குடும்பம் முதலில் வாங்குவது பெயின்ட். உடல் குளிர் அறையில் காத்திருக்க, துக்கத்துக்கு வருகிறவர்கள் முகம் சுளிக்காதபடி வீட்டைப் புதுசாக்க வேண்டும். குலத்தலைவர் க்வாமினா ஆக்கன் வந்து சுற்றிப் பார்த்தார். சுவர், கதவு, கழிவறை எல்லாவற்றுக்கும் குறை சொல்லிவிட்டுக் கடைசியில் அண்ணாந்து பார்த்தார். "இது என்னம்மா இது, பெணத்த வச்சிக்கிட்டு ஒப்பாரி வைக்கிறதுக்கு முன்னாடியே இது ஒப்பாரி வைக்குது. வர்றவங்க நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்க?" என்றார். பத்துப் பேர் நடுவில் நானும் தலையாட்டிவிட்டேன்.

6. அப்படித்தான் திரு. ஒட்டூ அழைக்கப்பட்டார். அன்று கரண்ட் இல்லை. ஏணியில் ஏறி, வளைந்த இறக்கையைக் கழற்றிப் புதுசு போட்டார், பேரிங் மாற்றினார், கொக்கிக்கு ரப்பர் வைத்தார். நான் பெயின்ட் அடிப்பவர்களுக்கு பயறு போட்ட வாக்யே சோறு ஆக்கிக்கொண்டிருந்தேன். அவர் போய் வெகுநேரம் கழித்துக் கரண்ட் வந்தது. தெருவே வழக்கம்போல் கூச்சல் போட்டது. எங்கள் கூடத்தில் மட்டும் ஒரு சத்தமும் இல்லை. விசிறி சுற்றியது, காற்றும் முன்னைவிட நன்றாகவே வந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் பாராட்டினார்கள். என் கணவர் மட்டும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

7. சடங்கெல்லாம் முடிந்து உறவினர் கிளம்பிய மறுநாள், மதியத் தூக்கத்திலிருந்து எழுந்து ஷூ மாட்டிக்கொண்டார். என்னைப் பார்த்துக் கைகூப்பாத குறையாக, "ரொம்ப நல்லா கவனிச்சிக்கிட்டீங்கம்மா. என் சம்சாரம் தேடுவா. நான் வீட்டுக்குக் கிளம்புறேன்" என்றார்.

ஐயா, நான்தான் அந்தச் சம்சாரம்.

8. அன்றிலிருந்து தினமும் இதே கதை. ஒருநாள் பேருந்து நிலையம் வரை போய்விட்டார். நல்லவேளையாக நடத்துநர் ஒருவர் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். வாசலில் நின்றுகொண்டு உள்ளே வர மறுக்கிறார், "அடுத்தவங்க வீட்டுக்குள்ள எப்படிம்மா நுழையறது?" என்று. திருமணப் படத்தைக் காட்டினேன். "உங்க வீட்டுக்காரரா? நல்லா இருக்கார்" என்றார். மகன் கைப்பேசியில் ரயில் சத்தம் போட்டுக் காட்டினான். "அணைடா, இது நம்ம லைன் இல்ல" என்று அதட்டினார். அதில் மட்டும் ஏமாறவில்லை, பாருங்கள்!

9. திரு. ஒட்டூவின் கடைக்கு நேரில் சென்றேன். 'கர்த்தரே வெளிச்சம் எலக்ட்ரிக்கல்ஸ்' என்று எங்கள் வளைந்த இறக்கையிலேயே எழுதிக் கடை வாசலில் தொங்கவிட்டிருக்கிறார். கேட்டதும் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டார். ஆனால் மாட்டச் சொன்னபோது, "அம்மா, ஐயாவை எனக்கும் தெரியும். ஆனா ஆடுதுன்னு தெரிஞ்சே நான் மாட்டி, நாளைக்கு அது கீழே விழுந்தா என் லைசன்ஸும் போச்சு, மனசாட்சியும் போச்சு. ஆபீஸ்ல எழுதி வாங்கிட்டு வாங்க, அடுத்த நிமிசம் ஏணியோட வர்றேன்" என்றார். அவர் சொல்வது நியாயம். நல்ல பிள்ளை. இதைப் புகாராகக் கொண்டு அவர்மீது எந்த நடவடிக்கையும் எடுக்க வேண்டாம்.

10. ஆகவே, கொக்கிக்கு இரட்டைக் கம்பி கட்டியோ, வேறு எந்தப் பாதுகாப்பு செய்தோ, அந்த ஒரு இறக்கையை மட்டும் மறுபடி மாட்ட திரு. ஒட்டூவுக்கு எழுத்துமூலம் அனுமதி தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அதன் அடியில் படுக்கப்போவது நாங்கள் இரண்டு கிழங்கள் மட்டுமே. எங்கு கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன். போதகர் எப்படியும் சுவரோரம்தான் உட்காருவார்.

11. விதி இடம் கொடுக்காது என்றால் இன்னொரு வேண்டுகோள். தாங்களே ஒரு மதியம் அலுவலக உடையில் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். என் கணவர் பணிக்காலம் முழுவதும் மேலதிகாரி சொல்லை ஒருமுறைகூட மீறாதவர். வாசலில் நிற்கும் அவரிடம், "ஹேகன், இது உங்கள் வீடு, உள்ளே போகலாம்" என்று ஒரு வார்த்தை உத்தரவாகச் சொல்லுங்கள். நானும் தினமும் சொல்கிறேன். முன்பின் தெரியாத பெண்பிள்ளை சொல்வதைக் கேட்டு உள்ளே வர அவருக்குக் கூச்சமாக இருக்கிறது.

தங்கள் பதிலையோ தங்களையோ வாசலில் எதிர்பார்த்திருக்கும்,

(ஒப்பம்)
எக்குவா ஹேகன்,
ஜோசப் ஹேகனின் மனைவி.

இடம்: செகொண்டி
நாள்: 12 மார்ச் 2018