லயத்துச் சுவரில் ஒரு காட்டுப்பன்றி

என் பாசத்துக்குரிய சவரி அண்ணா,

நீ கண் மூடிய செய்தி நாகப்பட்டினத்திலிருந்து வந்து நான்கு வருடம் ஆகிறது. அப்போதும் நான் எழுதவில்லை. போன வாரம் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி வீட்டுத் தமிழ்ப் பேப்பரில் ஒரு படம் பார்த்தேன், அதனால்தான் இப்போது எழுதுகிறேன். உனக்கு இனி விலாசம் இல்லை என்பதால் அந்தப் பேப்பருக்கே அனுப்பப்போகிறேன். மற்றவர்களும் படிக்கட்டும்.

ஈப்போ பக்கம் ஒரு சுண்ணாம்பு மலையில், ரோந்து போன சிப்பாய் ஒருவர் பாறையில் சித்திரங்களைக் கண்டாராம். மிருகங்கள், மனிதர்கள், எல்லாம் சிவப்பு நிறம். ஆயிரக்கணக்கான வருடத்துப் பழசு என்று போட்டிருந்தது. எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகள் ஆளுக்கு ஆள் சைகை காட்டப் போட்டதாக இருக்கும் என்றுதான். அவர்களை ஒடுக்க மலாயாவில் எமர்ஜென்சி வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது அண்ணா. சந்தேகம் எனக்குச் சோறு தண்ணி மாதிரி ஆகிவிட்டது.

பிறகு மறுபடி பார்த்தேன். கொழுத்த உடம்பும் குட்டைக் காலுமாக அதில் ஒரு மிருகம் இருந்தது. உன் பன்றி ஞாபகம் வந்து பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

ரப்பர் தோட்டத்தில் பால்மரங்களுக்குப் பெயிண்டில் கோடு போட்டு நம்பர் எழுதுவது உன் வேலை. நம் லயத்து வரிசை வீடுகளைச் சுற்றி முள்வேலி போட்ட பிறகு, மரவள்ளியைத் தோண்ட வரும் பன்றிகள்கூட வருவதில்லை என்று குறைப்பட்டுக்கொண்டாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்ததும், டின்னில் மிஞ்சிய சிவப்புப் பெயிண்டில் நம் அடுப்படியின் வெளிச்சுவரில் ஒரு பன்றியை வரைந்தாய். முதுகு மயிரை ஒவ்வொன்றாக இழுத்தாய். "மாதா படம் வரையக் கூடாதா? பன்னியப் போயி வரையிறான்" என்று நம்மை வேலை வாங்கும் மண்டோர் திட்டினார். பக்கத்து வீட்டுச் செல்லம்மா அக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

அடுத்த வாரமே ரப்பர் ஸ்டோர் சுவரில் ஒரு வாசகம் முளைத்தது. வெள்ளைக்காரனே வெளியேறு என்று ஆளுயர எழுத்து. அதே சிவப்பு. தோட்டத்து வெள்ளைக்காரத் துரை உடனே தார் பூசி மறைக்கச் சொன்னார். போலீஸ் லோரி வந்தது. மேல் லயத்திலிருந்து வீடு வீடாகச் சோதனை போட்டுக்கொண்டு வருவதாகச் சொன்னார்கள். நீ மரக்காட்டில் இருந்தாய்.

நான் என்ன செய்தேன்? மாதா கெபிக்கு அடித்து மிஞ்சிய சுண்ணாம்பு வாளியில் இருந்தது. எடுத்து உன் பன்றியின் மேல் அடித்தேன். உன்னைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்தேன்.

கிள்ளானிலிருந்து வந்த தமிழ் போலீஸ் கோப்ரல் சுவரைத் தொட்டுப் பார்த்தார். விரலில் ஈரம்.

"கிறிஸ்மஸுக்கு இன்னும் அஞ்சு மாசம் கெடக்கு. இந்த ஒரு சொவத்துக்கு மட்டும் எதுக்கும்மா சுண்ணாம்பு?"

"அழுக்கா இருந்துச்சு சார்."

அவர் ஒரு டின் தண்ணீரை அள்ளி வீசினார். பன்றி வெளியே வந்தது.

"வெறும் பன்னிதானே லா! இத எதுக்கு மறைச்ச?"

நான் சுண்ணாம்பு வாளியைக் காலால் பின்னுக்குத் தள்ளினேன்.

"எந்தப் பக்கம் பாக்குது? காட்டுப் பக்கம்!" என்று சொல்லி, காட்டில் இருப்பவர்களுக்குச் சைகை என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

உன்னைக் கூட்டி வந்தபோது உன் விரல்களில் பெயிண்ட் இருந்தது. நீ சுவரைப் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய். "என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே ரோசு." அவ்வளவுதான் சொன்னாய். லோரியில் ஏற்றினார்கள். சில மாதம் அடைத்து வைத்துவிட்டு, நீ பார்த்தே இராத இந்தியாவுக்குக் கப்பலேற்றினார்கள். அங்கே காய்ச்சலில் போய்விட்டாய்.

செல்லம்மா அக்காதான் உன்னைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தார் என்று நினைத்து ஆறு வருடம் அவரிடம் பேசாமல் இருந்தேன். யாரையாவது குற்றம் சொல்லாவிட்டால் என்னால் மூச்சு விட முடிந்திருக்காது. பேப்பரில் அந்தப் படத்தைப் பார்த்த மறுநாள் அவர் வீட்டுக்குப் போய் நேராகக் கேட்டேன்.

"அடிப்பாவி, இதுக்கா பேசாம இருந்த? நீ சுண்ணாம்பு அடிச்சத நான் பாத்துக்கிட்டுதான் நின்னேன். கோப்ரல் என்னையும் கேட்டான். தெரியாதுன்னுட்டேன்."

யாரும் காட்டிக்கொடுக்கவில்லை அண்ணா. எல்லா வீட்டுக்கும் வந்தவர்கள் நம் வீட்டுக்கும் வந்தார்கள். நான் மறைக்காமல் விட்டிருந்தால், பன்றியைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். உன்னைக் காட்டிக்கொடுத்தது என் சுண்ணாம்பு. ஏன் அடித்தேன்? ஸ்டோர் சுவரில் எழுதியது நீயாக இருக்குமோ என்று நானே சந்தேகப்பட்டேன். கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாயோ என்று பயந்து கேட்காமல் இருந்தேன். அதை எழுதியவர் யாரென்று இன்றுவரை தெரியாது. நீதானா என்று மனதின் ஒரு மூலை இன்னும் கேட்கிறது. வெட்கமாக இருக்கிறது.

அப்போது, தோட்டத்துச் சுவரை நாசமாக்கினவன் என்று உன்மேல் புகார் எழுதிக் கொடுத்தாரே நம் துரை, அவர் இப்போது மேடத்தோடு கேமரா எடுத்துக்கொண்டு அந்த மலைக்குப் போய் வந்திருக்கிறார். கிராணி சொன்னார். அங்கே வரைந்தவன் யாரிடம் அனுமதி கேட்டானாம்? அவனோடு இருந்தவர்கள் பாறையைப் பாழாக்காதே என்று அடிக்க வந்திருக்க மாட்டார்களா? வருடம் கூடினால் குற்றம் கலையாகிவிடுமா? அல்லது வரைந்தவன் செத்து, அவனைப் பற்றிப் பயப்பட யாரும் மிஞ்சாதபோதுதான் படம் படமாகத் தெரியுமா? அவனுக்கு என்னைப் போல ஒரு தங்கை இல்லை. அது மட்டும் நிச்சயம்.

பெயிண்டின் மேல் சுண்ணாம்பு நிற்பதில்லை. வருடா வருடம் நான் அடிக்கிறேன், வருடா வருடம் மழைக்கு உரிகிறது. இப்போது முதுகு மயிர் முழுவதும் தெரிகிறது. ஒரு கண்ணும் தெரிகிறது.

அடுத்த மாதம் எல்லா லயத்துக்கும் வெள்ளையடிக்க ஆள் வருகிறது. இந்தச் சுவரில் யாரையும் கை வைக்க விடமாட்டேன், இது உனக்கு என் வாக்கு. யார் வரைந்தது என்று போலீஸ் வந்து கேட்டாலும், என் அண்ணன் என்று சொல்வேன். எதற்கு வரைந்தான் என்று கேட்டால், தெரியாது, அவனிடம் நான் கேட்கவே இல்லை என்று சொல்வேன்.

ஒரு வார்த்தை கேட்காமல் போன உன் தங்கை,
ரோசம்மா