நிக்காஹ் தேதி

அன்புள்ள அம்மாவுக்கு ஃபர்ஹாவின் ஸலாம். அத்தாவுக்குச் சுகர் குறைந்ததா?

இங்கே ஒரு சின்னச் சிக்கல். கனடாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிவந்ததும் என் கனடா அரசு மருத்துவ அட்டை செல்லாமல் போய்விட்டது. உங்கள் மருமகனின் ஆபீஸ் காப்பீட்டில் மனைவியைச் சேர்க்க, கல்யாணத்திலிருந்து முப்பது நாள்தான் கெடுவாம். நாங்கள் இங்கே குடித்தனம் தொடங்கிய நாளை எண்ணினோம். ஆபீஸ்காரர்களோ நான்கு மாதம் முன்பு மதுரையில் நடந்த நிக்காஹ் தேதியை எண்ணிவிட்டார்கள். இனி ஜனவரியில்தான் சேர்க்க முடியும். அதுவரை ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க எங்கள் கைக்காசுதான்.

நேற்று மாடிப்படியில் சறுக்கினேன். விழவில்லை. அவர்தான் பதறிப்போய், "ஜனவரி வரைக்கும் ஆஸ்பத்திரிப் பக்கமே போயிறக் கூடாது, பாத்து நட" என்றார்.

இஞ்சி மொரப்பா கொஞ்சம் அனுப்புங்கள். காலையில் எழுந்ததும் குமட்டுகிறது. நாளும் தள்ளிப்போயிருக்கிறது. அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

கதவுச் சத்தம் கேட்கிறது, முடிக்கிறேன்.

ஃபர்ஹா