பின்கதவுத் தாழ்ப்பாள்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலத்தை ஒழுங்காகத் தடவிக்கொள்கிறீர்களா? நான் சௌக்கியம்தான். கொஞ்சம் அசதி, அவ்வளவே.

விடுமுறை நாளிலும் எங்களுக்குப் பயிற்சி வகுப்பு வைத்துவிட்டார்கள். இனி கணக்கோ அறிவியலோ, எல்லா ஆசிரியர்களும் அவரவர் பாடத்தில் பிள்ளைகளை எழுத வைக்க வேண்டுமாம். "நான் விசில்லயே எழுதட்டுமா?" என்று கேட்டார் விளையாட்டு சார். பயிற்சி கொடுக்க வந்த அம்மாள் சிரிக்கவில்லை. தினமும் செய்கிற ஒரு வேலையை, படிப்பவர் அப்படியே செய்து பார்க்கும்படி எழுதச் சொன்னார்.

நான் கதவைத் தாழிடுவதை எழுதினேன். கதவை லேசாகத் தூக்கி, முழங்காலால் அழுத்திக்கொண்டே தாழ்ப்பாளைத் தள்ள வேண்டும் என்று.

என்னோடு அறையில் தங்கியிருக்கும் அறிவியல் டீச்சர் அதைப் படித்துவிட்டு, "இது எந்தக் கதவுடி? நம்ம ரூம் கதவு சாத்தினாலே பூட்டிக்குமே" என்றாள். அப்போதுதான் எனக்கே உறைத்தது.

திருத்த வேண்டிய நோட்டுகள் குவிந்து கிடக்கின்றன, முடித்துக்கொள்கிறேன். நம் வீட்டுப் பின்கதவின் அந்தத் தாழ்ப்பாளை மாற்றப் போவதாக அம்மா போனில் சொன்னாள். மாற்றிவிடுங்கள் அப்பா. வலிக்கிற காலை வைத்துக்கொண்டு இன்னும் எத்தனை நாள் அதோடு மல்லுக்கட்டுவீர்கள்?

பழையதை மட்டும் இரும்புக் கடையில் போட்டுவிடாதீர்கள்.

உங்கள் மகள்