யார் கையில் இருந்தது

மார்ச் 4, செவ்வாய்

இன்று மூன்று மாணவர்கள். கடைசி ஆள் மருந்துக்கடைக்காரர். ஐம்பது வயதில் விமானம் ஓட்டியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறவர். மேலே பிரமாதமாக ஓட்டுகிறார், தரை தெரிந்தால் உதறல். "தரை கடிக்காது சார்" என்றேன். சிரித்தார். எனக்குச் சிரிக்கவும் தெம்பில்லை. வீட்டுக்கு வந்ததும் ஷூவோடு படுத்துவிட்டேன்.

மார்ச் 6, வியாழன்

விழுந்துவிட்டோம். எனக்குத் தோள்பட்டை எலும்பு போச்சு. மருந்துக்கடைக்காரருக்கு நெற்றியில் தையல். உயிர் இருக்கிறது.

மார்ச் 8, சனி

இடது கையால் எழுதுவதற்குள் போதும் போதும் என்றாகிறது. ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

விமானத்தை ஓட்டும் பொறுப்பை ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கும்போது "என்கிட்ட இருக்கு" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மற்றவர் "உங்ககிட்ட இருக்கு" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். முதல் நாள் பாடமே இதுதான். அன்று இறங்கும் நேரத்தில், தடுமாறுவாரோ என்று என் பக்கத்து ஸ்டிக்கின் மேல் லேசாகக் கை வைத்தேன். ஓட்டும் ஸ்டிக் ஆளுக்கொன்று, இரண்டும் சேர்ந்தே அசையும். வாயைத் திறக்கவில்லை. கனம் தெரிந்ததும், மேடம் வாங்கிக்கொண்டார் என்று அவர் விட்டுவிட்டார். அவர் பிடித்திருக்கிறார் என்று நான் இருந்தேன். ஒரு மாடி உயரத்தில் விமானத்தை யாருமே ஓட்டவில்லை. மூக்கைத் தூக்கியது, தொப்பென்று விழுந்தது.

"பக்கத்து பக்கத்துல உக்காந்துக்கிட்டு ரெண்டு பேருமா சும்மா இருந்தீங்க?" என்கிறார் என் வீட்டுக்காரர். பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் நடந்தது அதுதான்.

மார்ச் 13, வியாழன்

பயிற்சிப் பள்ளி முதலாளி பழக்கூடையோடு வந்தார். "ஸ்டூடண்ட் பதறிட்டாருன்னு சொல்லிடுங்க மேடம். அவரே ஒத்துக்கிறாரு. உங்க தப்புன்னு ஆச்சுன்னா உங்களைப் பறக்கவே விடமாட்டாங்க."

மருந்துக்கடைக்காரர் நிஜமாகவே அப்படித்தான் நம்புகிறார். போனில் அழுதார். "நான்தான் மேடம் கெடுத்தேன். இனிமே அந்தப் பக்கமே வரமாட்டேன்."

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும் எனக்கு. ஐயோ, எவ்வளவு சுலபம்! பறக்காவிட்டால் நான் யார்? ஒழுங்காகச் சமைக்கக்கூடத் தெரியாதே எனக்கு.

மார்ச் 20, வியாழன்

விசாரணை அதிகாரியிடம் சொல்லிவிட்டேன்.

"அவர் தன் தப்புன்னு எழுதிக் குடுத்திருக்காரே?"

"என் கை எங்க இருந்துச்சுன்னு அவருக்கு எப்படிங்க தெரியும்? எனக்குத்தான் தெரியும்."

வாசலில் நின்ற முதலாளி என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆட்டோவில் தூங்கிவிட்டேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

மறு உத்தரவு வரும்வரை பறக்கத் தடை. வகுப்பில் பாடம் மட்டும் நடத்தலாம். சரி.

ஜூன் 10, செவ்வாய்

வகுப்பு நடுவே ஜன்னலில் பார்த்தேன். மருந்துக்கடைக்காரர் தனியாக விமானத்தைத் தரையிறக்கினார். விசாரணை முடிவு தெரிந்த பிறகு திரும்பவும் வந்து, வேறொரு பயிற்சியாளரிடம் சேர்ந்திருக்கிறார். சந்தோஷம்தான். வலிக்கவும் செய்தது, பொய் சொல்வானேன்.

நேராக என் வகுப்பு வாசலுக்கு வந்தார். சட்டையெல்லாம் வியர்வை.

"இறங்கிட்டேன் மேடம்."

"பார்த்தேன். ஒரு குதி குதிச்சீங்க."

சிரித்தார். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டார். "உங்க தடை முடியிற வரைக்கும் இருந்து உங்ககிட்டயே வந்திருக்கணும் மேடம். உங்க கூட உக்கார பயமா இருக்கு. கோச்சுக்காதீங்க."

தடை நீங்கியதாக எனக்குப் போன வாரமே தகவல் வந்துவிட்டது. வீட்டில்கூட இன்னும் சொல்லவில்லை.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு சார்" என்றேன்.

உள்ளே மேகங்களைப் பற்றிய பாடம் பாதியில் நின்றிருந்தது. போய் முடித்தேன்.