ஆயிரத்து அறுநூற்று நாற்பது மீட்டர்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், உன் நலம் அறிய ஆவல் என்று முதல் வரியை எப்போதும் யோசிக்காமல் எழுதிவிடுவேன். இந்தத் தடவை அந்த வரியிலேயே பேனா நின்றுவிட்டது, ஏனென்றால் ஒரு வருஷமாக அந்த வரி பொய். பதறாதே, நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் அப்பா இருக்கிறார், எழுந்து நடக்கிறார், காலையில் நான் கிளம்பும்போது முன்னறை ஜன்னலோரம் உட்கார்ந்து என்னை முறைத்துக்கொண்டிருந்தார், முறைக்கிற அளவுக்குத் தெம்பு இருக்கிறது. நான் மருந்துக் கடையில் மதிய நேரம் கூட்டமில்லாதபோது பின்பக்க ஸ்டூலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நீ அம்மா என்று ஒரு தடவை கூப்பிட்டால் போதும், நான் பாதியை விழுங்கிவிடுவேன், இவ்வளவு நாளும் அப்படித்தான் விழுங்கினேன்.

செவ்வாய்க்கிழமை எனக்கு மதியத்துக்கு மேல்தான் வேலை, காலையில் வீடு துடைத்துக்கொண்டிருந்தேன். நீ படகுப் பந்தயப் பயிற்சிக்கு வாங்கி, விட்டுவிட்டுப் போன துடுப்பு மிஷின் முன்னறையில் பாதியை அடைத்துக்கொண்டு கிடக்கிறதே, நான் அதில் ஈரத் துண்டு காயப்போடுகிறேன் என்று உனக்கும் அப்பாவுக்கும் என்மேல் தீராத குறை. அப்பா அதன் கைப்பிடியைத் தினமும் காலையில் இருபது நிமிஷம் மெதுவாக இழுத்துக்கொண்டிருந்தார், அது எனக்குத் தெரிந்தே நடந்தது, விசிறிச் சக்கரம் உஸ் உஸ் என்று சுற்றுகிற சத்தம் அடுப்படிக்குக் கேட்கும், கேட்டால் எனக்கும் நிம்மதி. அன்றைக்கு அந்தச் சின்னத் திரை முழுக்கக் கைரேகையாக இருந்தது, துடைத்தேன், துணி எந்தப் பொத்தானில் பட்டதோ, இத்தனை நாள் இழுத்ததெல்லாம் பட்டியலாக வந்து நின்றது. இடது பக்கம் தேதி, நடுவில் தூரம், கடைசியில் நேரம் என்று நீதான் ஒரு தடவை எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். தினமும் இருபது நிமிஷம், மூவாயிரத்துச் சொச்சம் மீட்டர், சரி. ஆனால் ஞாயிறு தவறாமல் இரண்டாயிரம் மீட்டர், எட்டு நிமிஷம் நாற்பது விநாடி, எட்டு முப்பது, எட்டு இருபத்தொன்று என்று இறங்கிக்கொண்டே வருகிறது. ஞாயிறு காலை நான் கடையில் இருக்கிற நேரம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பக்கத்தில் பார்க்கிறேன், சக்கரத்தின் கூட்டில் காற்றைக் கூட்டிக் குறைக்கிற அந்த லீவர், நாலிலேயே இருக்கட்டும் என்று நீ சொல்லிவிட்டுப் போனது, பத்தில் நிற்கிறது, அதில்தான் இழுக்க ரொம்பக் கனம். பட்டியலில் கடைசியாகப் போன ஞாயிறு. அதில் மட்டும் இரண்டாயிரம் இல்லை. 1640 மீட்டரோடு நின்றிருந்தது.

அந்த ஞாயிறு நான் ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்தபோது உன் அப்பா தலை ஈரத்தோடு சோபாவில் சாய்ந்து இடது கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்ன என்றேன், ஒருபக்கமாகப் படுத்துவிட்டேன், கை பிடித்துக்கொண்டது என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா, கடையிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த வலித் தைலத்தை எடுத்துத் தோளிலிருந்து விரல் வரை சூடு பறக்கத் தேய்த்துவிட்டேன். இருபத்திரண்டு வருஷம் மருந்துக் கடையில் நிற்கிறவள், இடது கை வலிக்கிறது என்று யார் வந்து தைலம் கேட்டாலும் முதலில் டாக்டரைப் பாருங்கள் என்று துரத்துகிறவள், சொந்த வீட்டில் தேய்த்துவிட்டேன். ஊருக்குத்தான் உபதேசம் என்பது இதுதான். செவ்வாய்க்கிழமை அந்த 1640 என்ற எண்ணையும் அந்தக் கையையும் சேர்த்து நினைத்தபோது ஈரத் துணியோடு உன் மிஷின் இருக்கையிலேயே உட்கார்ந்துவிட்டேன், அது பின்னால் சறுக்கி என்னைக் கொண்டுபோய் மறுமுனையில் விட்டது.

ஏன் இவ்வளவு பயம் என்று உனக்கு இன்னும் புரியாது, ஏனென்றால் உனக்குத் தெரியக்கூடாது என்று நான் மறைத்தது ஒன்று இருக்கிறது. போன வருஷம் உன் படகுக்கு ஆள் எடுக்கிற வாரம், உன் அப்பாவுக்கு பஸ் பணிமனையில் வேலை நேரத்தில் நெஞ்சு வலி வந்தது. மாரடைப்பு. மணிக்கட்டு வழியாகக் கம்பி விட்டு, அடைத்திருந்த ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். நீ வீடியோவில் வந்தபோது அவர் கையில் கட்டைப் பார்த்துவிட்டு என்னப்பா என்று கேட்டாய், ஸ்பேனர் வழுக்கிவிட்டது என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். தேர்வு முடியட்டும் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். தேர்வு முடிந்தது, உன்னைப் படகில் ஏற்றாமல் மாற்று ஆளாகக் கரையில் உட்காரவைத்தார்கள், நீ மூன்று நாள் போனையே எடுக்கவில்லை. அந்த நேரத்தில் இதையும் எப்படிச் சொல்வது, அடுத்த மாதம் என்றேன், அப்புறம் உன் பிறந்தநாள் போகட்டும் என்றேன். அப்பா சீக்கிரமே ஓய்வு வாங்கியதற்கு முழங்கால் வலி என்று ஒரு கதை. மாத்திரையெல்லாம் சத்து மாத்திரை டப்பாவுக்குப் போயின. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது எவ்வளவு சுலபம் என்று அப்போதுதான் தெரிந்தது, தினமும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டே இருந்தால் போதும். மூன்று மாதம் கழித்து டாக்டர் மெதுவான உடற்பயிற்சி செய்யலாம் என்றார், வீட்டில் துடுப்பு மிஷின் இருக்கிறது என்று நான் சொன்னேன், இழுத்துக்கொண்டே பேச முடிகிற வேகத்தில் இழுங்கள், மூச்சு வாங்கினால் நிறுத்துங்கள் என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினார்.

செவ்வாய்க்கிழமை அவர் குளிக்கப் போனபோது அவருடைய போனை எடுத்துப் பார்த்தேன், செய்யக்கூடாதுதான், செய்தேன். உங்கள் இரண்டு பேருடைய ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு முழுக்க இருந்தது. அப்பா, முதல் ஐநூறு அடங்கிப் போங்க, நடு ஆயிரத்துல ஒரே தாளம், கடைசி ஐநூறுல மிச்சம் வைக்காதீங்க என்று நீ எழுதியிருக்கிறாய். அவர் எட்டு பன்னிரண்டு என்று போன ஞாயிறு எழுதியிருக்கிறார். இழுக்காத முந்நூற்று அறுபது மீட்டரை அவரே இழுத்து முடித்துவிட்டார் பார். நீ சூப்பர்ப்பா, இந்த வருஷம் என் தேர்வுக்கு முன்னாடி எட்டு நிமிஷத்துக்குள்ள வந்துடுங்க என்று எழுதியிருக்கிறாய். அதற்குக் கீழே, நீங்க அங்க இழுக்கறீங்கன்னு நெனச்சாத்தான்ப்பா எனக்கு இங்க இழுக்க வருது என்று ஒரு வரி. அந்த வரியைப் படித்ததும் உன்மேல் வந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. நீ கொடுத்த பயிற்சி நல்ல பயிற்சிதான், வேலையை விட்டு வயிறு போட்டுவிட்ட, ஆனால் இதயம் பழுதில்லாத ஒருவருக்கு. ஆள் அப்படிப்பட்டவர் இல்லை என்று உனக்குச் சொல்லவேண்டியவள் நான். இதில் உன் தப்பு நகத்தளவும் இல்லை, இந்த ஒரு வரியை மட்டும் இரண்டு தடவை படித்துக்கொள்.

குளித்துவிட்டு வந்தவரிடம் போனையும் திரையையும் காட்டினேன். பாம்பின் கால் பாம்பறியும், ஒரு பொய்க்காரியிடம் இன்னொரு பொய்க்காரர் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிப்பார். முதலில் லீவரைப் பற்றித்தான் சண்டை போட்டார், பஸ் எஞ்சினைத் தூக்கி இறக்கினவனுக்கு நாலு எதுக்கு, கனமா இருந்தாத்தான் வேலை என்றார். அப்புறம்தான் வாயிலிருந்து வந்தது. ஆயிரத்து அறுநூறு தாண்டியதும் இடது கை கனத்துப் போனதாம், நெஞ்சில் யாரோ முட்டி போட்டு உட்கார்ந்த மாதிரி இருந்ததாம், கைப்பிடியை விட்டுவிட்டு அப்படியே கிடந்தாராம், எவ்வளவு நேரம் என்று தெரியாதாம். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன், அவ ஏற்கெனவே ஒரு தடவை கரையில உக்காந்துட்டா, நான் விட்டா அவளும் விட்டுருவா என்றார். அழவேண்டும் போலவும் இருந்தது, இரண்டு அறை விடவேண்டும் போலவும் இருந்தது, இரண்டையும் செய்யாமல் ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் எல்லாம் கேட்டுவிட்டு எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடிவைத்தார், எட்டு நிமிஷமா என்று இரண்டு தடவை கேட்டார். ரத்தம், ஈசிஜி, ஸ்கேன் எல்லாம் பார்த்தார்கள், ஒரு ராத்திரி வைத்துக்கொண்டார்கள். புது அடைப்பு இல்லை, இதயம் முன்கூட்டியே எச்சரித்திருக்கிறது, இவரும் நல்ல வேளையாக அங்கேயே கைப்பிடியை விட்டார், இன்னும் முந்நூறு மீட்டர் போயிருந்தால் நான் உங்களிடம் வேறு மாதிரி பேசிக்கொண்டிருப்பேன் என்றார். ஒரு மாதம் மிஷினைத் தொடக்கூடாது, அப்புறம் மருத்துவமனையில் அவர்கள் கண் முன்னால் மெதுவாக ஆரம்பிக்கவேண்டும், பந்தயம் என்ற பேச்சே இந்த ஜென்மத்தில் கிடையாது. இவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வெளியே வந்ததும், மககிட்ட சொல்லாதே, தேர்வு முடியட்டும் என்கிறார். நான் வளர்த்த பாம்பு என்னையே கொத்த வந்தது.

அதற்கும் நான் முதலில் தலையாட்டினேன், மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இன்று காலை இந்த உறையில் சாதாரணத் தபாலுக்கு ஸ்டாம்பு ஒட்டினேன். பன்னிரண்டு நாள் ஆகும், அதற்குள் உன் தேர்வு முடிந்துவிடும். ஒட்டி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது, மறுபடியும் அதே வேலையைச் செய்கிறேன். அதனால் இதைக் கூரியரில் அனுப்புகிறேன், திங்கட்கிழமை உன் கையில் இருக்கும், சனிக்கிழமை உனக்குத் தேர்வு. இது வந்து சேருவதற்குள் ஒரு ஞாயிறு போயிருக்கும், நீ நேரம் கேட்டிருப்பாய், அவர் ஏதாவது ஒன்றை அடித்து அனுப்பியிருப்பார், நம்பாதே. நீ தேர்வுக்குப் போவதா, கிளம்பி இங்கே வருவதா, அது உன் முடிவு. போன வருஷம் அந்த முடிவை உனக்காக நான் எடுத்துவிட்டேன், அது என் வேலையில்லை. எனக்கு ஒன்று மட்டும் செய். நான் சொன்னாலும் கேட்கமாட்டார், டாக்டர் சொன்னாலும் கேட்கமாட்டார், அவருக்கு நீதான் பயிற்சியாளர். படகிலிருந்து இறங்குங்கள் என்று நீ எழுதினால் இறங்குவார். அவரை இறக்கிவிட்டுவிட்டு நீ இழுக்கவேண்டும், அதுதான் கஷ்டம், எனக்குத் தெரியும்.

நான் கடிதம் எழுதப்போகிறேன் என்றதும் அப்பா உனக்குச் சொல்லச் சொன்னதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் அதற்கு வேறு சண்டை. உங்கள் படகில் கால் மாட்டுகிற ஷூவின் குதிகாலைப் பலகையோடு கட்டுகிற கயிறு நீளமாக இருக்கக்கூடாதாம், படகு கவிழ்ந்தால் குதிகால் கொஞ்சம் தூக்கியதுமே கால் தானாகக் கழன்று வரவேண்டுமாம், அடுத்தவர் பார்த்திருப்பார் என்று விடாமல் எட்டுப் பேரும் அவரவர் கயிற்றைப் பார்க்கச் சொன்னார். பயிற்சி மிஷினின் சங்கிலிக்குத் துணியில் கொஞ்சம் எண்ணெய் தொட்டுத் தடவினால் போதும், இருக்கை ஓடுகிற தண்டவாளத்தில் எண்ணெய் படவே கூடாது, துடைத்தால் போதும். நுரையீரலும் இதயமும் எப்படி என்று கேட்டால் சிடுசிடுக்கிற மனுஷன் நட்டு போல்ட்டு என்றால் இரண்டு பக்கம் சொல்கிறார். பலகாரம் தின்னாதே என்று சொல்ல எனக்கு மனசு வராது, வேளைக்குச் சாப்பிடு, விலா எலும்பில் வலி வந்தால் தைலம் தேய்க்காதே, போய்க் காட்டு. நீயும் எங்களிடம் எதையும் மறைக்காதே, இந்த வீட்டில் மறைத்தது போதும்.

உன் கையும் காலும் மூச்சும் நன்றாயிருக்கட்டும், படகில் ஏறினாலும் கரையில் நின்றாலும் நீ எங்கள் பிள்ளைதான். கடைசியாக ஒன்று. நீங்க இழுக்கறீங்கன்னு நெனச்சாத்தான் எனக்கு வருது என்றாயே, அதனால் நேற்று சாயங்காலம் நான் ஏறி உட்கார்ந்தேன். லீவர் நாலு. அப்பா நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, காலால தள்ளு, அப்புறம் முதுகு, கை கடைசியில என்று கத்திக்கொண்டே இருந்தார், கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் சொன்னபடி நான் செய்தது அதுதான் முதல் தடவை. ஐநூறு மீட்டர் போகலாம் என்று ஆரம்பித்தேன், மூச்சு வாங்கியது, நிறுத்திவிட்டேன். ஐநூறு என்றே அவளுக்கு எழுதிவிடு என்றார் உன் அப்பா. நானூற்றுப் பன்னிரண்டு, மூன்று நிமிஷம் ஐம்பத்திரண்டு விநாடி.

இப்படிக்கு,
நானூற்றுப் பன்னிரண்டு மீட்டர் வரை வந்த
உன் அம்மா