அறுபது மீட்டர் குறைந்த கிலோமீட்டர்

சார்,

அரூர் பஸ் ஸ்டாண்டு வாசலில் உங்களுக்கு ஃப்ளெக்ஸ் வைத்திருக்கிறார்கள். கழுத்தில் ஸ்டாப் வாட்ச், பின்னால் நீலவானம், கீழே "ஓட்டக்களம் கண்ட ஒப்பற்ற பயிற்சியாளர்". சேலம் பஸ்ஸுக்காக அதன் அடியிலேயே இருபது நிமிடம் நிற்க வேண்டியதாயிற்று. வெயிலில் புது ஃப்ளெக்ஸ் நாறுகிற நாற்றம் மூக்கில் ஏறிவிட்டது. நீங்கள் அதில் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். உயிரோடு இருந்தபோது நீங்கள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

நினைவுக் கூட்டத்தில் என்னைப் பேசச் சொல்லி முருகன் வந்து கேட்டான். என்னோடு உங்களிடம் ஓடியவன், இப்போது உரக்கடை வைத்திருக்கிறான். "மேடம், நீங்கதாங்க அவருகிட்ட ரொம்ப வருசம் இருந்தீங்க. ஒரு அஞ்சு நிமிசம் பேசுனா போதும்ங்க" என்றான். எனக்குத் தொண்டை சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். தொண்டை நன்றாகத்தான் இருந்தது. பேசியிருந்தால் என்ன பேசியிருப்பேனோ, அதைத்தான் இங்கே எழுதுகிறேன். 'நீங்கள்' என்று எழுதுவது பழக்கத்தால். மரியாதை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்றால் எனக்கு இத்தனை கோபம் வந்திருக்காது. உங்களுக்கு எல்லாம் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு காலடிச் சத்தத்தை மட்டும் கேட்டே யாருக்கு எந்தக் காலில் வலி என்று சொல்லுவீர்கள். ஒரு நாள் நான் இரண்டாவது ரவுண்டு முடிக்கும் முன்பே, "எடது குதிகால் தரையில படவே மாட்டேங்குது. வூட்டுக்குப் போயி வெந்நியில வையி" என்று விரட்டினீர்கள். காலையில் முள் குத்தியதை நான் யாரிடமும் சொல்லவில்லை. "மூச்ச பாக்காத, தோள பாரு. தோளு ஏறுச்சின்னா நீ பயப்படறன்னு அர்த்தம்" என்று நீங்கள் சொன்னதை இன்றைக்கும் என் பிள்ளைகளுக்குச் சொல்லுகிறேன். யார் சொன்னது என்று மட்டும் சொல்வதில்லை.

எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் மூன்று முறை பேசினீர்கள். மரவள்ளிக் காட்டில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர் மண்வெட்டியைக்கூட கீழே வைக்காமல், "பொட்டப்புள்ள ரோட்டுல ஓடுனா நாளைக்கி யாருங்க கட்டுவாங்க?" என்றார். "கவருமெண்டு வேல வாங்கிட்டா வரிசையில வந்து நிப்பாங்க, பாருங்க" என்றீர்கள். அப்பா சிரித்துவிட்டார். அன்றைக்குத்தான் எனக்கு ஓடுவதற்கு அனுமதி கிடைத்தது. நீங்கள் கொடுத்தது எது, எடுத்துக்கொண்டது எது என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியும். அந்த அனுமதி நீங்கள் கொடுத்தது.

போனில் வெளிநாட்டு ஓட்டங்களைப் பார்த்துவிட்டு வந்து எங்களைத் திட்டுவீர்கள். "அயர்லாந்துல பாரு, மழையில, சேத்துல ஓடறாங்க. அவங்க கோச்சு கொட கூட புடிக்கல. நீங்க வெயிலு அடிக்குதுன்னு அழறீங்க." அடுத்த வாரமே இங்கே ஒரு மழை பெய்தது. நீங்களும் குடை பிடிக்காமல் நின்றீர்கள். நாலு நாள் காய்ச்சலில் படுத்தீர்கள். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். அப்போதெல்லாம் உங்களை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

பள்ளி மைதானம் இருநூறு மீட்டர்கூட இருக்காது. அதனால் ஐயாயிரம் மீட்டர் ஓடுகிற என்னை மட்டும் கம்பைநல்லூர் ரோட்டுக்குக் கூட்டிப்போவீர்கள். ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல் வரைக்கும் வேகமாக ஓட வேண்டும், இரண்டு நிமிடம் நிற்க வேண்டும், திரும்ப ஓட வேண்டும். அப்படி ஐந்து முறை. நீங்கள் டிவிஎஸ் ஐம்பதில் பக்கத்திலேயே வருவீர்கள். டேப்பும் கிடையாது, ட்ராக்கும் கிடையாது. கல் நட்டவன் சரியாகத்தான் நட்டிருப்பான் என்பதுதான் நம் கணக்கு. ஒரு கிலோமீட்டரை மூன்று நிமிடம் ஐம்பத்தைந்து விநாடிக்கு ஓடிக்கொண்டிருந்தேன். விளையாட்டு கோட்டாவில் வேலைக்குத் தேர்வாக வேண்டுமானால் மூன்று நாற்பத்திரண்டுக்காவது ஓட வேண்டும்.

பிறகு ரோட்டை அகலப்படுத்தினார்கள். இரண்டு மாதம் ஜல்லியும் புழுதியுமாகக் கிடந்தது. நாம் ஏரிக்கரையில் சும்மா ஓடிக்கொண்டிருந்தோம். வேலை முடிந்து புதுக் கல் நட்ட பிறகு திரும்பப் போனோம். முதல் நாளே மூன்று நாற்பத்தொன்று.

பதினான்கு விநாடி. எரு போட்ட செடிகூட இரண்டு மாதத்தில் அப்படி வளராது. நான் உங்கள் வண்டியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நீங்கள் வாட்சையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அப்புறம் புதுக் கல்லைத் திரும்பிப் பார்த்தீர்கள். "நல்லா வந்திருக்க, பாப்பா" என்றீர்கள். நீங்கள் கல்லைப் பார்த்ததை நான் பார்த்தேன். அப்போது எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை.

மூன்று மாதம் அந்த இரண்டு கல்லுக்கு நடுவே ஓடினேன். மூன்று நாற்பது, மூன்று நாற்பத்தொன்று, ஒரு நாள் மூன்று முப்பத்தொன்பது. ஊர் முழுக்கச் சொன்னீர்கள். அப்பா என்னை வரப்பு வேலைக்குக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். எனக்கு இருபத்து நான்கு வயது. அடுத்த வருடத்தோடு வேலைக்கு வயது தாண்டிவிடும்.

சென்னையில் வேலைக்கான தேர்வு ஓட்டம். ட்ராக்கில் முதல் சுற்றை எண்பத்தேழு விநாடியில் ஓடினேன். என்னால் முடியும் என்று மூன்று மாதமாக எனக்குத் தெரிந்திருந்த வேகம் அது. மூன்றாவது சுற்றில் தொடை கல்லானது. ஐந்தாவதில் தோள் காதுக்கு ஏறிவிட்டது. பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருத்தியாகத் தாண்டிப் போனார்கள். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. தினமும் ஓடுகிற வேகம் இன்றைக்கு ஏன் கொல்லுகிறது என்று புரியவில்லை. ஒன்பதாவது சுற்றில் உள்பக்கப் புல்லில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு அம்மா வந்து என் பனியனில் குத்தியிருந்த நம்பரைக் கழற்றிக்கொண்டு போனார்.

நீங்கள் பக்கத்தில் வந்து நின்றீர்கள். என்ன சொன்னீர்கள் என்று நினைவிருக்கிறதா? "காலு பத்துச்சு. மனசுதான் பத்தல" என்றீர்கள்.

ஊர் திரும்பும் பஸ்ஸில் ஆறு மணி நேரம். ஜன்னல் பக்கம் என்னை உட்கார வைத்துவிட்டு நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். திண்டிவனத்தில் ஒரு டீ வாங்கிக் கொடுத்தீர்கள். வேறு ஒரு வார்த்தை இல்லை.

மனசு பத்தாதவள் என்ற பட்டத்தோடு ஏழு வருடம் இருந்தேன் சார். நிதானமாக ஓடியிருந்தால் அந்த முறை தேர்வாகியிருக்க மாட்டேன், ஆனால் முடித்திருப்பேன். இன்னும் ஒரு வருடம் மிச்சம் இருந்தது. அதில் பதின்மூன்று விநாடியைக் குறைத்திருக்கலாம். மனசே இல்லாதவளுக்கு அந்த வருடம் எதற்கு என்று ஷூவைக் கழற்றிப் பரணில் போட்டேன். கல்யாணம் ஆனது. படித்து விளையாட்டு ஆசிரியை ஆனேன். பிள்ளை பெறும்போது வலியில் கத்தினேன். அப்போதும் எனக்கு மனசு பத்தவில்லை போல என்று நினைத்தேன். இப்படி எதற்கெடுத்தாலும் உங்கள் வார்த்தை வந்து நிற்கும்.

என் மாணவிகளை அதே ரோட்டுக்குக் கூட்டிப் போக நினைத்தபோதுதான், எதற்கும் இருக்கட்டும் என்று நூறு அடி டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு பிள்ளைகள் ஆளுக்கொரு முனையைப் பிடித்தார்கள். அளந்து முடித்தால் தொள்ளாயிரத்து நாற்பது மீட்டர். தப்பாக அளந்தோம் என்று திரும்ப அளந்தோம். அதே தொள்ளாயிரத்து நாற்பது. புதுப் பாலம் ஒன்று குறுக்கே வந்ததால் கல்லை அறுபது மீட்டர் இந்தப் பக்கம் தள்ளி நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

நேராக உங்களிடம்தான் வந்தேன். டீக்கடை பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்கள். உங்களுக்கும் தெரியாமல் ஏமாந்திருப்பீர்கள், இரண்டு பேரும் தலையில் அடித்துக்கொண்டு சிரிக்கலாம் என்றுதான் வந்தேன்.

"சார், அந்தக் கல்லு அறுவது மீட்டரு கம்மிங்க."

நீங்கள் பேப்பரை மடித்தீர்கள். "தெரியும்" என்றீர்கள்.

"எப்பத்துல இருந்துங்க?"

"மொத நாளே சந்தேகம். மறுநாளு வண்டி மீட்டர வச்சி பாத்தேன்."

"அப்பறம் ஏங்க சொல்லல?"

"சொன்னா உட்டுட்டுப் போயிருப்ப. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்றதில்லையா? நேரம் பொய்யா இருந்தா என்ன, உன்ற நம்பிக்க நெசம்தான?"

டீக்கடைக்காரர் எனக்கும் ஒரு டீ போட்டு நீட்டினார். வாங்காமல் வந்துவிட்டேன். நீங்கள் கல்லை மறைத்ததைக்கூட ஆத்திரம் ஆறிய பிறகு ஒரு மாதிரி புரிந்துகொள்ளலாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, சாப்பிட்டவளுக்கு வயிறு சரியில்லை என்றீர்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. அதற்கப்புறம் ஆறு வருடம் உங்களோடு பேசவில்லை. முருகனிடம் இரண்டு தடவை சொல்லி அனுப்பினீர்கள். நான் போகவில்லை. உங்கள் சாவுக்கு வந்தேன், மாலை போடவில்லை. நீங்கள் செத்துப்போனதிலும் எனக்குக் கோபம்தான். இனி யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

இப்போது என்னிடம் வெண்ணிலா என்று ஒரு பெண் ஓடுகிறாள். கல்லூரியில் இரண்டாம் வருடம். அவளும் ஐயாயிரம்தான். இரண்டு வாரத்தில் சேலத்தில் தேர்வு, கிலோமீட்டருக்கு மூன்று ஐம்பத்தைந்து வேண்டும். நானே டேப் பிடித்து அளந்து, பெயிண்ட் அடித்து வைத்த தூரத்தில்தான் ஓட விடுகிறேன். திங்கட்கிழமை, ஐந்தில் கடைசி ஓட்டம். கோட்டைத் தாண்டி வந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். வாட்சில் நான்கு நிமிடம் மூன்று விநாடி. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"மூணு அம்பத்தஞ்சு" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொல்லியது. "நெசமாவாங்க மேடம்?" என்று அவள் ரோட்டிலேயே உட்கார்ந்து சிரித்தாள். உங்கள் வாயால் பேசிவிட்டு நிற்கிறேன் என்று தெரிந்தது. அவள் தண்ணீர் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து வாட்சை அவள் கையில் கொடுத்தேன். "நான் பொய் சொல்லிட்டேன், பாப்பா. நாலு மூணு" என்றேன்.

அவள் வாட்சைப் பார்த்தாள். திருப்பிக் கொடுத்தாள். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள், எப்போதும் சொல்லுகிற "வரேங்க மேடம்" இல்லாமல். செவ்வாய் வரவில்லை. புதனும் வரவில்லை. காலை ஐந்தே முக்காலுக்கு வெறும் ரோட்டில் நின்றபோதுதான் உங்கள் பயம் எனக்குப் புரிந்தது. நான் தோற்றுவிடுவேன் என்று நீங்கள் பயப்படவில்லை. நான் வராமல் போய்விடுவேன் என்று பயந்தீர்கள். புரிந்துகொண்டேன். மன்னிக்கவில்லை.

இன்றைக்குச் சாயந்திரம் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டார். வெண்ணிலா கதவருகில் நின்றாள், வெளியே வரவில்லை.

"எட்டு செகண்டு அதிகமா இருக்கு. ரெண்டு வாரத்துல கொறையலாம், கொறையாமலும் போலாம். உன் மனசுல ஒரு கொறையும் இல்ல" என்றேன்.

நாளைக்கு வருவாளா என்று தெரியாது. ஆனால் சார், நான் அவளிடம் சொன்ன அந்தக் கடைசி வார்த்தையை உங்கள் வாயால் கேட்கத்தான் அன்றைக்குச் சென்னையிலிருந்து ஆறு மணி நேரம் உங்கள் பக்கத்தில் தூங்காமல் உட்கார்ந்து வந்தேன்.